ஆமைக்கு வைத்த பொட்டு

வெட்டிய துணித்துண்டுகளை இருபது இருபதாக அடுக்கி, ஓரத்துணியிலிருந்து கிழித்த நாடாவால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, ஒரே இழுப்பில் அவிழக்கூடிய முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தாள் பேச்சியம்மா. கைகள் தம்பாட்டில் ஓடின. கண்கள் கைகளில் இல்லை. நாலு மேசைக்கு அப்பால் அசையாமல் நின்ற இயந்திரத்தின் மேல் இருந்தன.

"பேச்சியக்கா, அது உங்களைப் பாக்கேல்லை. நீங்கள்தான் அதையே பாத்துக்கொண்டு நிக்கிறியள்" என்றாள் அடுத்த மேசையில் துண்டுகளுக்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்த ஜொஹறா.

"பாக்காத மாதிரி நிக்கிறதுதான் அதோட வேலை" என்றாள் பேச்சியம்மா, அடுத்த கட்டை இழுத்துக்கொண்டே.

இது வவுனியாவில், நெளுக்குளத்துக்கு அப்பால், வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கும் ஆடைத் தொழிற்சாலை. நான் அங்கே முதலுதவி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். முதியோர் பராமரிப்புப் படித்து, கொழும்பில் இரண்டு முதியோர் இல்லங்களில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். பேச்சியம்மாவை எட்டு வருடமாகத் தெரியும். அவளுடைய இரத்த அழுத்தம், வலது முழங்கால், சந்தேகம் மூன்றும் எனக்கு மனப்பாடம்.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. கணவர் கணபதி உழவு இயந்திரம் ஓட்டுகிறார், மழை பிந்தினால் வீட்டில் இருக்கிறார். ஒரே மகள் சுதர்சினி பள்ளியில் உயர்தர வகுப்புப் படிக்கிறாள். தொழிற்சாலையில் பேச்சியம்மாவுக்கு இரண்டு வேலை. வெட்டிய துணியைக் கட்டுவது ஒன்று. கட்டியதை ட்ரொலியில் ஏற்றி, வெட்டும் பகுதியிலிருந்து தையல் வரிசைகளுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுப்பது மற்றது. இரண்டாவது வேலைக்குத்தான் இயந்திரம் வந்தது.

இயந்திரம் என்றால் கையும் காலும் உள்ளதல்ல. முழங்கால் உயரத்துக்குத் தட்டையான ஒரு பெட்டி. துணிக்கட்டுகள் அடுக்கிய இரும்புத் தட்டுச் சட்டத்துக்கு அடியில் தானாகப் புகுந்து, அதை முதுகில் தூக்கிக்கொண்டு, போகவேண்டிய வரிசைக்குப் போய் இறக்கிவிட்டுத் திரும்பும். தரையில் கோடு இல்லை, தண்டவாளம் இல்லை. முன்பக்கம் ஒரு கறுப்புக் கண்ணாடிப் பட்டி. அதற்குள் இருக்கிற லேசர் கண்ணால்தான் வழியைக் கண்டுபிடிக்கிறது என்று பராமரிப்புப் பகுதிப் பையன்களில் மூத்தவனான பிரதீபன் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினான். வரும்போது ஒரு சின்ன இசை போடும். இரண்டு வந்தன. முதல்நாளே தையல் பெண்கள் ஆமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒன்றாம் ஆமை, இரண்டாம் ஆமை.

பேச்சியம்மா முதல் கிழமை முழுக்க ஆமைகளைச் சோதித்தாள். வழியில் ஒரு வெறும் பெட்டியை வைத்தாள். நின்றது. செருப்பை வைத்தாள். நின்றது. கடைசியில் தன் காலையே நீட்டினாள். அரை முழத்துக்கு முன்னாலேயே நின்றது.

"நிண்டிட்டுதுதானே அக்கா. இனி நம்புங்கோவன்" என்றான் பிரதீபன்.

"நீங்க பாத்துக்கிட்டு இருக்கிறப்ப நிக்கும் தம்பி. எனக்குத் தெரிய வேண்டியது, நீங்க இல்லாதப்ப என்னா செய்யும்னு."

பேச்சியம்மா பிறந்தது வவுனியாவில். தாய் தகப்பன் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் ஓடிவந்தவர்கள். எங்களோடு பேசும்போது எங்கள் பேச்சில் பேசுவாள், மனம் பதறினால் தாய் வீட்டுப் பேச்சு வந்துவிடும். ஆமைகள் வந்த பிறகு அவள் எங்கள் பேச்சில் பேசி நான் கேட்கவில்லை.

அவள் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. முன்பு ட்ரொலி தள்ளியவர்கள் பேச்சியம்மாவோடு நாலு பேர். ஆமைகள் வந்து ஒரு மாதத்தில் இரண்டு பேர் பொதி செய்யும் பகுதிக்குப் போனார்கள். மேனுகா என்ற மூன்றாவது பெண்ணுக்குப் பயிற்சி என்று சொல்லி ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த மாதம் அவளைச் சிங்களம் பேசும் கம்பஹாப் பக்கம் உள்ள இதே நிறுவனத்தின் வேறு தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். அங்கே தங்க அறையும் சரிவராமல், மொழியும் சரிவராமல், ஆறு கிழமையில் தானே வேலையை விட்டு வந்துவிட்டாள். யாரும் அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அதுதான் பேச்சியம்மாவை உறுத்தியது.

"நிப்பாட்டினா சண்டை புடிக்கலாம். நிப்பாட்டாமலே போக வச்சிட்டாங்களே" என்று என் அறையில் முழங்காலுக்கு மருந்து பூசிக்கொண்டே சொன்னாள்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். ஆமைகள் வந்த பிறகு முதுகுவலி, இடுப்புப் பிடிப்பு என்று என் அறைக்கு வருபவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஒரு ட்ரொலி நிறைந்தால் பெரிய ஆள் ஒருவரின் பாரம் வரும். அதை நாளுக்கு நாற்பது தடவை தள்ளுவது பெண்ணின் உடம்புக்கு நல்லதில்லை. இதை அவளிடமும் சொன்னேன். "முதுகு நல்லா இருக்கும்ங்க அம்மா. வேலை இருக்குமா?" என்று கேட்டாள். நான் மருந்துப் போத்தலை மூடி வைத்தேன்.

வேலை போனால் அவளுக்கு மிஞ்சுவது வெங்காயத் தோட்டம். குனிந்து செய்யும் வேலை. அந்த முழங்கால் அதற்கு ஒரு கிழமை தாங்காது. இது இரக்கத்தில் சொல்வதல்ல, பார்த்துச் சொல்வது.

புரட்டாதி நடுவில் மேனுகாவுக்குக் கொடுத்த அதே கடதாசி பேச்சியம்மாவிடமும் வந்தது. மனிதவளப் பகுதி அலுவலர் தேனுகா கொண்டுவந்தாள். நல்ல பிள்ளை, கெட்டிக்காரி. ஆமைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி என்றாள். கடதாசி ஆங்கிலத்தில் இருந்தது.

"வாசிக்கத் தெரியாத கடதாசியில கை வைக்கமாட்டேங்க மிஸ்."

"நான் வாசிச்சுச் சொல்லுறன்தானே அக்கா."

"எங்கப்பாவுக்கும் வாசிச்சித்தான் சொன்னாங்க."

தேனுகாவுக்கு அது விளங்கவில்லை. எங்களில் சிலருக்கு விளங்கியது. தோட்டத்தில் அரிசிக் கூப்பனுக்கு என்று சொல்லிப் பேச்சியம்மாவின் தகப்பனிடம் பெருவிரல் அடையாளம் வாங்கினார்களாம். சில வருடம் கழித்து வந்த கடிதத்தில், இந்தியாவுக்குப் போக அவர் விண்ணப்பித்திருப்பதாக இருந்தது. அவருடைய அண்ணன் குடும்பம் அப்படியே ரயிலேறித் தலைமன்னார் போய்க் கப்பலேறியது. இவர் போகவில்லை. வவுனியாவில் காடு வெட்டிக் குடியிருந்துகொண்டே, கடதாசியில் மட்டும் கடைசிவரை வேறு நாட்டுக்காரராக இருந்தார். பேச்சியம்மாவுக்கே அடையாள அட்டை கிடைத்தபோது இருபத்தைந்து வயது தாண்டியிருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் கடதாசியைக் கண்டால் பேனையைத் தேடமாட்டாள், கதவைத் தேடுவாள்.

அவள் கையெழுத்து வைக்கவில்லை. தயாரிப்பு மனேஜர் ஜனார்த்தனன் அதைக் குறித்து வைத்துக்கொண்டார்.

ஆயுத பூசை புதன்கிழமை வந்தது. பின்னேரம் நாலு மணியிலிருந்து அரை மணித்தியாலம் விட்டார்கள். சரஸ்வதி படத்துக்கு மாலை, அவல், கடலை, கற்பூரம். பெண்கள் தத்தம் தையல் இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். வெட்டும் கத்திக்கு வைத்தார்கள், நீராவி அழுத்திக்கு வைத்தார்கள், தராசுக்கும் வைத்தார்கள். ஒரு பெண் ஓடிவந்து என் இரத்த அழுத்தக் கருவிக்கும் ஒன்று வைத்துவிட்டுப் போனாள். ஜொஹறா கடலையை வாயில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். ஆமைகள் இரண்டும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் மின்னேற்றிக்கொண்டிருந்தன. அவற்றை ஒருவரும் நினைக்கவில்லை.

வியாழன் காலை ஏழு மணி தாண்டியதும் ஒன்றாம் ஆமை வழமைபோல வெளியே வந்தது. இரண்டாம் ஆமை வரவில்லை. சுவர் மூலையிலேயே சிவப்பு விளக்குப் போட்டபடி நின்றது. பிறகு கொஞ்சம் அசைந்தது. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வெட்டும் பகுதி வாசலின் நட்டநடுவில் மறுபடி நின்றது. முதுகில் முழுப் பாரம். அதைத் தாண்டி ஒன்றாம் ஆமையும் போக முடியவில்லை, ட்ரொலியும் போக முடியவில்லை. கட்டுகளைக் கையில் தூக்கிக்கொண்டு பேச்சியம்மா அந்த இடுக்கால் ஓடி ஓடிக் கொடுத்தாள். ஆனாலும் இரண்டு தையல் வரிசைகள் துணியில்லாமல் சும்மா இருந்தன. அன்று பின்னேரம் கொழும்புக்குப் போகவேண்டிய லொறி வெளியில் நின்றது.

பிரதீபன் மூன்று தரம் நிறுத்தி இயக்கிப் பார்த்தான். பிறகு குனிந்து கண்ணாடிப் பட்டியைப் பார்த்தான். அது முழுக்க மஞ்சளாக, எண்ணெய்ப் பசையாக இருந்தது. திரவம் போட்டுத் துடைத்து ஆமையை நடக்க வைக்க ஒன்பதரை ஆகிவிட்டது.

"ஆரோ வேணுமெண்டு பூசியிருக்கினம்" என்றார் ஜனார்த்தனன்.

கமராப் பதிவைப் பார்த்தார்கள். முந்தினநாள் பூசை முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்குப் போகும் நேரம், பேச்சியம்மா தனியே தடுப்புச் சுவருக்குப் பின்னால் போகிறாள். இரண்டாம் ஆமைக்கு முன்னால் குந்தியிருக்கிறாள். கமரா பின்னால் உயரத்தில் இருப்பதால் முதுகு மட்டும் தெரிகிறது. கை கண்ணாடிப் பக்கம் போகிறது. வியாழன் காலை மறுபடி வருகிறாள், கையில் ஒரு துணி. அவசரமாகத் தேய்க்கிறாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் போகிறாள்.

அந்த அக்கம்பக்கம் பார்த்ததுதான் அவளுக்கு எதிராக நின்றது.

பெண் ஊழியரை விசாரிக்கும்போது இன்னொரு பெண் இருக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். தேனுகாவின் அறையில் ஒரு மேசை, நாலு கதிரை. பேச்சியம்மா கதிரையின் நுனியில் இருந்தாள்.

"புதன் பின்னேரம் அதுக்குக் கிட்டப் போனனீங்களோ?" என்று ஜனார்த்தனன் கேட்டார்.

"இல்லீங்க சேர்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"நான் அந்தப் பக்கமே போகல்லைங்க."

அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் தன் முதுகைத் தானே பார்த்தாள். எனக்கு அவள் கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது.

"பயிற்சிக்குச் சைன் வைக்கமாட்டன் எண்டனீங்கள். இப்ப இது. இது நாசவேலை, பேச்சியம்மா. வேலையால நிப்பாட்டுற விசயம்."

"சேர், முதல்ல பிரெஷர் பாக்கவேணும்" என்றேன். "இப்ப இவ விழுந்தா அதுவும் உங்கட கணக்கிலதான் வரும்."

அவர் பத்து நிமிடம் தந்தார்.

என் அறைக்குக் கூட்டிவந்து அளந்தேன். நூற்று எழுபத்தாறுக்கு நூற்று நாலு. மாத்திரையைக் கொடுத்துப் படுக்க வைத்தேன். அவளுடைய மேலங்கியின் ஓரத்தில் மஞ்சள் அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். தையல் இயந்திர எண்ணெய் நாற்றத்துக்குள் சந்தனம் மணத்தது.

"பொட்டு வைச்சனியோ?" என்று கேட்டேன்.

அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். "எல்லாத்துக்கும் வச்சாங்கம்மா. கத்திரிக்கோலுக்குக்கூட. வேலை செய்யிற சாமான்ல ஒண்ண மட்டும் விட்டா குத்தம்" என்றாள்.

"உனக்குத்தான் அதைப் பிடிக்காதே."

"புடிச்சா வச்சேன்? பயந்துதானே வச்சேன். விட்டுட்டோம்னு அது மனசில வச்சிருந்து நாளைக்கி யாரு மேலயாவது ஏறினா? நடு நெத்தியில வைக்கணும்னு அந்தக் கறுப்புக் கண்ணாடியில வச்சேன். வேற எங்கதான் அதுக்கு நெத்தி இருக்கு?"

"காலமை துணியோட போனது?"

"மூலையில நின்னுக்கிட்டு செவப்பு லைற் போட்டிச்சு. அப்பதான் எனக்கு வெளங்கிச்சு. கைக்குக் கெடைச்ச துணியால தேச்சேன். அது எண்ணெத் துணி. தேக்கத் தேக்க ஊத்தையாப் போச்சு."

"இதை அங்கேயே சொல்லியிருக்கலாமே."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "சொன்னா எழுதித் தரச் சொல்லுவாங்க. எழுதினா சைன் வைக்கச் சொல்லுவாங்க. அதுக்குப் பொறகு அந்தக் கடதாசி என்னா சொல்லும்னு எனக்குத் தெரியாதும்மா. இல்லைன்னு சொன்னா கடதாசி இல்லையேன்னு நெனச்சேன்."

பொய் சொன்னது பிழை. அதை அவளுக்கு முகத்துக்கு நேரே சொன்னேன். ஆனால் எழுதித் தரப் பயம் என்றால் எழுதாமல் காட்டலாம். பூசைத் தட்டில் சந்தனக் கிண்ணம் இன்னும் காயாமல் இருந்தது. அதையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு நேரே தையல் கூடத்துக்குப் போனேன். ஜனார்த்தனனுக்கும் தேனுகாவுக்கும் பிரதீபனுக்கும் ஆள் அனுப்பினேன்.

"இது என்ன கூத்து?" என்றார் ஜனார்த்தனன்.

"நேற்றுச் செய்ததை உங்களுக்கு முன்னால செய்யப்போறா. எண்ணெயில்லாமல். ஒன்றாம் ஆமையில."

அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பிரதீபன், "பாரம் இறக்கிப்போட்டுச் செய்வம் சேர், பிரச்சினையில்லை" என்றான். அவனுக்கும் பார்க்க ஆசை.

ஐம்பது இயந்திரங்கள் ஓய்ந்தன. பேச்சியம்மா ஒன்றாம் ஆமைக்கு முன்னால் குந்தினாள். மோதிர விரலால் சந்தனம் தொட்டுக் கண்ணாடியின் நடுவில் வைத்தாள். அதன் மேல் குங்குமம். பொட்டுக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

"அக்கா, அப்பிடியே ஒரு முக்காடும் போட்டு விடட்டோ?" என்று ஜொஹறா பின்னாலிருந்து கேட்டாள். தையல் வரிசையே சிரித்தது. பேச்சியம்மா சிரிக்கவில்லை.

பிரதீபன் பொத்தானை அழுத்தினான். ஆமை இசை போட்டுக்கொண்டு புறப்பட்டது. ஆறடி போனது. தயங்கியது. சிவப்பு விளக்கு எரிய, நின்றுவிட்டது.

"அதே பிழைதான் காட்டுது சேர். முன்னுக்கு ஏதோ மறைக்குது எண்டு" என்றான் பிரதீபன். சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது.

ஜனார்த்தனன் சிரிக்கவில்லை. "நாசவேலை இல்லை எண்டு வைப்பம். பொய் சொன்னது?"

அப்போதுதான் பேச்சியம்மா வாய் திறந்தாள். "பொய் சொன்னேங்க சேர். அது என் பெழை. ஆனா ஒண்ணு கேக்கிறேன். ஒரு பொட்டு பட்டாக் கண்ணு தெரியாத சாமானை எங்க காலுக்கு நடுவில விட்டிருக்கீங்களே, அதை யாரு பாத்தீங்க?"

"கண் மறைஞ்சா நிக்கும் அக்கா, இடிக்காது. அப்பிடித்தான் செய்திருக்கினம்" என்றான் பிரதீபன்.

"நிக்குதுன்னு எனக்கும் தெரியும். ரெண்டாம் ஆமை ரெண்டு மாசமா நாலு மணிக்குப் பொறகு ஓரம் தைக்கிற மெசினுங்க பக்கத்தில நின்னு நின்னு போகுது. சூப்பர்வைசர்கிட்ட ரெண்டு தரம் சொன்னேன். யாரும் எழுதல்ல. அங்கதான் பஞ்சு பறக்குது. பஞ்சும் பொட்டு மாதிரித்தானே ஒட்டும்?"

பிரதீபனின் முகம் மாறியது. இரண்டாம் ஆமையிடம் போய்க் கண்ணாடிப் பட்டியின் ஓரத்தில் விரலை ஓட்டினான். காலையில் அவன் துடைத்தது முன்பக்கம் மட்டும். ஓரங்களில் சாம்பல் நிறப் பஞ்சு திரளாக வந்தது. "பின்னேரத்தில மெதுவாப் போறதுக்குப் பட்டரிதான் காரணம் எண்டு கொழும்புக்கு எழுதிப்போட்டன் சேர்" என்றான். பாவம், அவனுக்கும் ஒரு நல்ல நாளல்ல அது.

அந்த இயந்திரங்களை அந்தத் தொழிற்சாலையில் ஒருவர்தான் விடாமல் கவனித்திருந்தார். நம்பியவர்கள் எல்லோரும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

தேனுகா அதை உடனே பிடித்துக்கொண்டாள். ஜனார்த்தனனிடம் தனியே ஏதோ சொல்லிவிட்டு, அந்தப் பழைய பயிற்சிக் கடதாசியை எடுத்துவந்தாள். நாளாந்தம் ஆமைகளைத் துடைத்துப் பார்த்து அனுப்பும் வேலைக்கு ஒரு ஆள் வேண்டும், அது பேச்சியம்மாவாக இருக்கட்டும், கையெழுத்து வைத்தால் விசாரணையும் எச்சரிக்கையோடு முடியும் என்றாள்.

பேச்சியம்மா என்னைப் பார்த்தாள். நான் கடதாசியை வாங்கினேன். பராமரிப்புப் படித்தது ஆங்கிலத்தில்தான், வாசிக்கத் தெரியும். முதல் பக்கம் சரி. பயிற்சி, எட்டு நாள், அதே பதவி நிலை. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. தேவைக்கேற்ப நிறுவனத்தின் எந்தத் தொழிற்சாலைக்கும் மாற்றப்பட ஊழியர் சம்மதிக்கிறார் என்று.

சத்தமாகத் தமிழில் சொன்னேன்.

"மேனுகா" என்றாள் ஜொஹறா. யாரும் சிரிக்கவில்லை.

"அது எல்லாக் கடதாசியிலும் வாற வழமையான வரி அன்ரி" என்றாள் தேனுகா என்னைப் பார்த்து. அவள் பொய் சொல்லவில்லை. அந்த வரியை அவளும் ஒழுங்காக வாசித்திருக்கமாட்டாள் என்றே நினைக்கிறேன்.

"தமிழ்ல குடுங்க மிஸ். வாசிச்சிட்டு வைக்கிறேன்" என்றாள் பேச்சியம்மா.

"நாளைக்குக் காலமை" என்றாள் தேனுகா.

"அதுவரைக்கும் எனக்கு வேலை இருக்குதுங்களா?"

கேட்டது தேனுகாவை. பார்த்தது ஜனார்த்தனனை. அவர் போகத் திரும்பினார். "காலமை வாங்கோ" என்றார். அதற்கு ஓம் என்றும் அர்த்தம் வரலாம், இல்லை என்றும் வரலாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தமிழ்க் கடதாசி வந்தது. அந்த வரியும் கூடவே வந்தது, எழுத்து மட்டும் சின்னதாக.

பேச்சியம்மா கடதாசியை ஜொஹறாவிடம் கொடுத்து முழுக்க வாசிக்கச் சொன்னாள். பிறகு வாங்கி என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி வாசிக்கிறோமா என்று எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு தானே விரல் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். விரல் கடைசி வரியில் நின்றது.

"இதை வெட்டினா வைக்கிறேன்."

தேனுகா வெளியில் போய்த் தொலைபேசியில் கதைத்தாள். நெடுநேரம் ஆகவில்லை. இரண்டு மாதப் பிழையைக் கண்டுபிடித்தவளை அந்தக் கிழமையே வெளியில் விட்டால் கொழும்புக்கு என்ன எழுதுவது என்று ஜனார்த்தனனும் யோசித்திருப்பார். தேனுகா திரும்பி வந்து, அடிமட்டம் வைத்து அந்த வரியைக் கோடிழுத்து வெட்டி, பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தை வைத்தாள். பேச்சியம்மா தன் பெயரை முழுதாக எழுதினாள். ஜொஹறாவின் தொலைபேசியில் இரண்டு பக்கத்தையும் படம் பிடிக்க வைத்தாள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும் கிடைத்தது. அதையும் வாசிக்க வைத்தே வாங்கினாள்.

பிறகு தடுப்புச் சுவருக்குப் பின்னால் போனாள். உலர்ந்த துணியால் இரண்டு ஆமைகளின் கண்ணாடியையும் ஓரம் ஓரமாகத் துடைத்தாள். பின்பக்க இரும்பு விளிம்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அங்கே வைத்தால் ஒன்றும் மறைக்காது என்று பிரதீபன் தொட்டுக் காட்டியிருந்தான். அவன் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. தன் பழைய ட்ரொலியை எடுத்துவந்து வழியின் குறுக்கே நிறுத்திவிட்டு, அதற்குப் பின்னால் நின்றாள்.

இரண்டாம் ஆமை இசை போட்டுக்கொண்டு வந்தது. அரை முழத்துக்கு முன்னால் நின்றது. கொஞ்சம் பொறுத்துப் பக்கவாட்டில் திரும்பி, ட்ரொலியைச் சுற்றிக்கொண்டு போனது. அது ஓரம் தைக்கும் இயந்திரங்களைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியோ அக்கா?" என்று கேட்டாள் ஜொஹறா.

"இன்னைக்கிச் சரி. அந்தப் பக்கத்தைப் புடி."

இருவரும் சேர்ந்து அவளுடைய மேசையைத் திருப்பிப் போட்டார்கள், முதுகு சுவர்ப்பக்கமும் முகம் வழிப்பக்கமும் இருக்கும்படி. அதன் பிறகுதான் பேச்சியம்மா அன்றைய முதல் கட்டை எடுத்தாள்.